அரைப்பேர்

2024 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு வெளியே, ஒரு கிடங்கு நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து, வேலைக்கு மனு போடுகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். "இந்த நாட்டில் வேலை செய்ய உங்களுக்கு இப்போதோ பின்னரோ ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?" கீழே இரண்டு வட்டங்கள். ஆம், இல்லை. அந்த மென்பொருளில் ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டால், அந்தப் பதிலைச் சொன்னவரின் மனு யார் கண்ணிலும் படாமலே தள்ளுபடி ஆகிவிடும். இரண்டு நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் தானாகப் போகும். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இந்த முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை.

'ஆம்' என்பதற்குப் பக்கத்தில் டிக் போடச் சொன்னார் என் மேலாளர். நல்ல மனுஷி. "ஒரு இடத்துக்கு நூத்துக்கணக்குல வருது. நம்மகிட்ட ஸ்பான்சர் பண்ண பட்ஜெட் இல்ல. அவங்க நேரத்தையும் ஏன் வீணாக்கணும்?" என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அந்தக் கேள்விக்கு என்னுடைய சொந்தப் பதில், ஆம். என் விசாவில் அப்போது பதினேழு மாதம் மிச்சம் இருந்தது.

*

எங்கள் ஊர் கட்டபெட்டு. கோத்தகிரியிலிருந்து ஊட்டி போகிற பஸ்ஸில் வந்தால் ஒரு சின்ன பஜார், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை, சுற்றி எல்லாப் பக்கமும் தேயிலை. விடியற்காலையில் தோட்டத்துக்குள் காட்டெருமை நிற்கும். ஸ்கூலுக்குப் போகும்போது அது நகரும்வரை காத்திருந்து, லேட்டுக்கு அதையே காரணமாகச் சொல்லியிருக்கிறோம். டீச்சரும் நம்புவார். அவரும் அதே காட்டெருமைக்காக நின்றிருப்பார்.

ஊர்க்காரர்களுக்கு நாங்கள் 'சிலோன்காரங்க'. அப்பாயி பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை என்ன செய்வது என்று அப்போது முடிவாகவில்லை. 1974-ல் இந்திரா காலத்தில் அவர்களையும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அப்பாயி இந்தியாவுக்கு மனு போட்டவர். அவருடைய தங்கச்சி வீட்டுக்காரர் இலங்கைக்கே மனு போட்டவர். அவ்வளவுதான் வித்தியாசம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் அட்டை வாங்கி, அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நீலகிரிக்கு வந்தார் அப்பாயி. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் இங்கே அரசு தேயிலைத் தோட்டங்களையே போட்டார்கள். பிற்பாடு 'டான்டீ' ஆனது அதுதான். அப்பாயிக்கு வாய்த்தது ஒரு தனியார் எஸ்டேட். தங்கச்சியை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

அப்பாயியிடமிருந்து நான் கற்ற முதல் தொழில் வார்த்தை 'அரைப்பேர்'. தோட்டத்தில் காலையில் பிரட்டு நடக்கும். பிரட்டு என்றால் ஆளெடுப்பு. கணக்கப்பிள்ளை பேர் வாசித்து மலை பிரித்துக் கொடுப்பார். சாயங்காலம் கொழுந்து நிறுப்பார்கள். சொன்ன கிலோ வந்தால் செக்ரோலில் முழுப்பேர் விழும். வராவிட்டால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். கூடைக்கு என்று கொஞ்சம், ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் கிலோ சொல்வார்கள்.

நான் எச்.ஆர். படிக்கப் போனதற்குக் காரணம் ஒரு சட்டப் புத்தகம் என்று சொன்னால் பீற்றிக்கொள்வதாகத் தோன்றும். ஆனால் அதுதான் உண்மை. கோயம்புத்தூரில் பி.காம். படிக்கும்போது தொழிலாளர் சட்டம் ஒரு பேப்பர். அதில் 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஐம்பது பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். முந்நூறு பேர் வேலை செய்தால் நலன் பார்க்க ஒரு வெல்ஃபேர் ஆபீசர் இருக்க வேண்டும். படித்துவிட்டு அப்பாயிக்கு போன் போட்டேன். "வெல்ஃபேர் ஆபீசரா? இருந்தாரு. நல்லா இங்கிலீஷ் பேசுவாரு" என்றார். தராசுக்கும் செக்ரோலுக்கும் நடுவில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும் என்று சட்டமே ஒரு நாற்காலி போட்டிருக்கிறது, அந்த நாற்காலியில் நாம் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது. பத்தொன்பது வயதில் அப்படித்தான் தோன்றும்.

*

டிகிரி முடித்து கோயம்புத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லின் எச்.ஆர். பிரிவில் இரண்டு வருஷம். பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஹாஸ்டல் வார்டனோடு சண்டை. பிறகு 2022 செப்டம்பரில் லீட்ஸில் மனிதவள மேலாண்மையில் எம்.எஸ்சி. அப்பா தேயிலைத் தொழிற்சாலை வேலையில் சேர்த்து வாங்கிய அறுபது சென்ட் தேயிலையை பேங்கில் வைத்துத்தான் கடன். அப்போது பச்சைத் தேயிலை கிலோவுக்கு இருபது ரூபாயை எட்டாத மாதங்களே அதிகம். அந்த அறுபது சென்ட் கடனை அடைக்காது என்பது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பேங்க் மேனேஜருக்கும் தெரிந்திருக்கும்.

வகுப்பில் எனக்குப் பிடித்த நாள், யார்க் நகருக்குப் போன நாள். பிரிட்டனில் எச்.ஆர். தொழிலுக்குப் பெரிய அமைப்பு சி.ஐ.பி.டி. அது 1913-ல் யார்க்கில், நலப் பணியாளர் சங்கமாகத் தொடங்கியது. ரௌன்ட்ரீ சாக்லேட் தொழிற்சாலையில் 1896-லேயே மேரி வுட் என்ற பெண்ணை, வேலை பார்க்கும் பெண்களின் நலனைக் கவனிக்க என்றே நியமித்திருந்தார்கள். எங்கள் எஸ்டேட்டின் வெல்ஃபேர் ஆபீசருக்குக் கொள்ளுப்பாட்டி! அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து வாசித்தபோதுதான் இன்னொன்றும் கிடைத்தது. அதே காலத்தில் கேட்பரி, ஃப்ரை, ரௌன்ட்ரீ மூன்று கம்பெனிகளும் ஆப்பிரிக்கக் கரையோரம் சாவோ டோமே தீவிலிருந்து கோகோ வாங்கிக்கொண்டிருந்தன. அங்கே வேலை செய்தவர்கள் பேருக்குத்தான் ஒப்பந்தக் கூலிகள், நடைமுறையில் அடிமைகள். விஷயம் வெளியே வந்து பல வருஷம் கழித்து, 1909-ல்தான் வாங்குவதை நிறுத்தினார்கள். ஆக, நலன் பார்க்க ஆள் போட்டது தொழிற்சாலைச் சுவருக்கு உள்ளே. கோகோ பறித்தவர்களின் பேர் அந்த ரிஜிஸ்டரில் இல்லை. யாருடைய பேர் நம் ரிஜிஸ்டரில் இருக்கிறதோ அவர்களைத்தான் எச்.ஆர். பார்க்கும். இதை எந்தப் பரீட்சையிலும் எழுதவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் நான் கற்ற முக்கியமான விஷயம் இதுதான்.

*

இதை வாசிப்பவர்களில் யாராவது எச்.ஆர். படிக்க வெளிநாடு கிளம்பும் யோசனையில் இருந்தால், ஏஜென்ட் சொல்லாத சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

கோடிங் எழுதுகிறவருக்கு எந்த ஊரிலும் அதே கோடிங். எச்.ஆர். அப்படி இல்லை. அது அந்தந்த நாட்டுச் சட்டம், அந்தந்த நாட்டுப் பேச்சு. நான் இங்கே வந்து நோட்டீஸ் காலம், நோய் விடுப்புச் சம்பளம், ஆட்குறைப்பு ஆலோசனை எல்லாவற்றையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரிப் படித்தேன். சட்டத்தைக்கூடப் படித்துவிடலாம். "இட்ஸ் நாட் பேட்" என்று ஒரு யார்க்ஷயர்க்காரர் சொன்னால் பாராட்டா, பரவாயில்லையா, கோபமா என்று கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனது. வேலையே மனுஷர்களைக் கேட்பதுதான் எனும்போது, இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது காலண்டர். படிப்பு முடிந்ததும் கிடைப்பது கிராஜுவேட் விசா. 2021 ஜூலையில் வந்தது. எனக்கு இரண்டு வருஷம். அந்த விசாவில் இருக்கும்வரை எந்தக் கம்பெனியும் ஸ்பான்சர் பண்ண வேண்டியதில்லை. அதனால் எல்லோரும் சிரித்துக்கொண்டே வேலை கொடுப்பார்கள். அது முடிவதற்குள் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாற வேண்டும். அதற்குக் கம்பெனி ஸ்பான்சர் உரிமம் வைத்திருக்க வேண்டும், வேலை பட்டியலில் உள்ள தொழில் குறியீட்டுக்குள் வர வேண்டும், சம்பளம் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும்.

நான் கடன் வாங்கிக் கிளம்பியபோது அந்த வரம்பு கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. 2024 ஜனவரியில் கிராஜுவேட் விசாவுக்கு மனு போட்டேன். பிப்ரவரி 6-ல் மருத்துவக் கூடுதல் கட்டணம் வருஷத்துக்கு 624 பவுண்டிலிருந்து 1,035 ஆனது. அதில் தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், ஏப்ரல் 4-ல் சம்பள வரம்பு 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆனது. படிப்பு முடித்து வருகிறவர்களுக்கு 'நியூ என்ட்ரன்ட்' சலுகை உண்டு. அவர்களுக்கு 30,960. ஒரு மாதம் கழித்து எனக்குக் கிடைத்த எச்.ஆர். அசிஸ்டென்ட் வேலையின் சம்பளம் 24,500.

கணக்கு அவ்வளவுதான். ஆறாயிரத்துச் சொச்சம் பவுண்டு. கொழுந்து பற்றவில்லை.

*

அந்த அலுவலகத்தில் என் முதல் வேலை, புதிதாகச் சேருகிறவர்களின் வேலை உரிமையைச் சரிபார்ப்பது. விசாவில் இருப்பவர்கள் ஒரு ஷேர் கோடு தருவார்கள். அரசு இணையதளத்தில் போட்டால் முகமும், விசா முடியும் தேதியும் வரும். தேதியை எக்ஸெலில் ஏற்ற வேண்டும். மூன்று மாதம் முன்னால் சிவப்பாகும். உரிமை இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதல் முறையிலேயே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், அதனால் அந்த எக்ஸெலுக்கு அவ்வளவு மரியாதை. அதில் என் பேரும் ஒரு வரி. எனக்கு எதிரே என் முடிவுத் தேதியை நானே டைப் செய்தேன்.

நவம்பரில் ஆட்குறைப்பு வந்தது. கம்பெனி அதுவரை ஸ்பான்சர் செய்திருந்தது ஒரே ஒருவரைத்தான். நைஜீரியாவிலிருந்து வந்தவர், சரக்குத் திட்டமிடும் பிரிவு. அவருடைய இடமும் போனது. கூட்டத்தில் குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள். ஸ்பான்சர் செய்த வேலை முடிந்தால் பத்து வேலை நாளுக்குள் கம்பெனி உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து கடிதம் வந்தால் வழக்கமாக அறுபது நாள். அதற்குள் வேறு ஸ்பான்சர், இல்லாவிட்டால் ஊர். இதை மேலாளர் நிதானமாக, அன்பாகத்தான் விளக்கினார். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "நான் எதில் தப்பு செய்தேன்?"

"நீங்கள் எதிலும் தப்பு செய்யவில்லை" என்றார் மேலாளர். அது உண்மை. நான் குறிப்பில் எழுதினேன். அன்று சாயங்காலம் உள்துறைக்கு அனுப்ப வேண்டிய விவரத்தை நிரப்பி வைத்தது நான். பொத்தானை அமுக்கியது அவர்.

லீட்ஸில் படித்தபோது நூலகத்தில் இலங்கைத் தோட்டங்களின் 'துண்டு' முறை பற்றி வாசித்திருந்தேன். கங்காணியின் கடனைக் கட்டினால் இத்தனை ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. ஆள் அந்தச் சீட்டோடுதான் போக முடியும். 1921-ல் ஒழித்தார்கள். அதற்குப் பிறகும் அப்பாயி காலம்வரை 'பத்துச்சீட்டு' இருந்தது. வேலையை விட்டு நிறுத்தும்போது கொடுக்கிற காகிதம். அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். என்னையும் அந்த நைஜீரியாக்காரரையும் அவர்களோடு ஒப்பிட எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. நான் யாரும் பிடித்து அனுப்பி வந்தவள் இல்லை. விமானத்தில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தவள். ஆனாலும் ஒரு மனுஷர் இந்த நாட்டில் இருக்கலாமா என்பது ஒரு முதலாளியின் காகிதத்தில் இருக்கிறது என்ற விஷயம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. வீட்டில் கேட்ட கதைதான்.

*

டிசம்பரில் ஊருக்கு வந்தேன். உறைபனி விழும் நேரம். அடுப்புக்கு முன்னால் அப்பாயி உட்கார்ந்திருந்தார்.

"நீ அங்க என்ன வேலதான் பாக்குற புள்ள?"

"ஆள் எடுக்குறது, ஆள் நிப்பாட்டுறது, கணக்கு வைக்கிறது அப்பாயி."

"அப்ப கணக்கப்புள்ள."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த டிக் பற்றிச் சொன்னேன். நைஜீரியாக்காரரைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்துவிட்டு, சிலோனில் நடந்த ஒரு நாளைப் பற்றிச் சொன்னார். அப்பாவைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓடிவந்ததில் பிரட்டுக்கு லேட். அன்றைக்கு வழக்கமான கிலோவைவிடக் கொஞ்சம் கூடத்தான் எடுத்திருந்தார். ஆனாலும் சாயங்காலம் அரைப்பேர். ஏன் என்று கேட்டதற்கு, போ போ என்றார்களாம். தன் கையில்தான் ஏதோ கோளாறு, முத்தல் இலையைப் போட்டுவிட்டேன் போல என்று நினைத்து, மறுநாள் விரல் வெடிக்கப் பறித்திருக்கிறார். மூணு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அன்று காலைப் பிரட்டில் ரெண்டு கிலோ கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். இவர் அப்போது பிள்ளையை விடப் போயிருந்தார்.

"காசு போனதுகூடப் பெருசில்ல தாயி. மூணு நாளா என் கையவே நான் திட்டிக்கிட்டு இருந்தேன் பாரு." பிறகு சொன்னார், "அரைப்பேர் போடுறதுன்னா போடு. உன்னால மாத்த முடியாது. ஏன்னு சொல்லிட்டுப் போடு."

*

ஜனவரியில் மேலாளரிடம் பேசினேன். அப்பாயி கதையைச் சொல்லவில்லை. அது அங்கே எடுபடாது. சட்டத்தைச் சொன்னேன். 2010-ஆம் வருஷத்துச் சமத்துவச் சட்டத்தில் இனம் என்பதற்குள் குடியுரிமையும் வரும். காரணம் சொல்லாமல் மென்பொருளே கழித்துக் கட்டினால், நாளைக்கு யாராவது கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? இந்த வேலையின் குறியீடும் சம்பளமும் விசா வரம்புக்குள் வராது என்றால், அதை விளம்பரத்திலேயே போட்டுவிடுவோம். தள்ளுபடி மின்னஞ்சலிலும் அதே ஒரு வரியைப் போடுவோம். வரம்புக்குள் வரும் வேலைகளுக்குத் தானியங்கித் தள்ளுபடியை எடுத்துவிடுவோம்.

முதல் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார். மூன்றாவதுக்கு, பார்க்கலாம் என்றார். யார்க்ஷயரில் அதற்கு என்ன அர்த்தம் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு வரியை எழுத நான் எடுத்துக்கொண்டது அரை நாள். இந்த வேலைக்குரிய சம்பளம் அரசு நிர்ணயித்த விசா வரம்பைவிடக் குறைவு, அதனால் எங்களால் ஸ்பான்சர் செய்ய இயலாது, உங்கள் தகுதியை நாங்கள் மதிப்பிடவில்லை. கடைசிப் பகுதியை எடுத்துவிடலாமே என்றார்கள். அது மட்டும் இருக்கட்டும் என்று நின்றேன். அந்த மின்னஞ்சலால் யாருக்கும் வேலை கிடைக்கப்போவதில்லை. யாரோ ஒருவர் இன்னொரு சி.வி. ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் கட்டாமல் இருக்கலாம். தன் ஆங்கிலத்தைத் திட்டிக்கொள்ளாமல் தூங்கலாம்.

எனக்கும் ஒரு வழி திறந்தது. அரசு வெளியிடும் ஸ்பான்சர் பட்டியலைப் பதிவிறக்கி, சுற்று வட்டாரக் கம்பெனிகளை மட்டும் வடிகட்டி, சம்பளப் பட்டியலும் எச்.ஆர். மென்பொருளும் சேர்ந்த வேலைகளாகத் தேடினேன். அதில் மில்லில் கற்ற பழக்கம் உதவியது. முதல் பேச்சிலேயே என் விசா தேதியைச் சொல்லிவிடுவேன். பாதிப் பேர் அங்கேயே போனை வைப்பார்கள். மிச்சப் பேரிடம் பேசினேன். 2025 மே மாதம் ஒரு கம்பெனி எச்.ஆர். ஆபீசராக எடுத்து ஸ்பான்சர் செய்தது. சம்பளம் நியூ என்ட்ரன்ட் வரம்புக்கு மேலே ஒரு நூலளவு.

ஜூலை 22-ல் மறுபடி விதி மாறியது. பொது வரம்பு 41,700. வேலையும் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். என்னோடு படித்த ஒரு பெண், என்னைவிட நன்றாகப் படித்தவள், ஆகஸ்டில் ஒரு நல்ல இன்டர்வியூ முடித்துவிட்டு, கம்பெனி கையை விரித்ததால் ஊருக்குக் கிளம்பினாள். ஏர்போர்ட்டில் வழியனுப்பப் போனேன். அவள் சொன்னது, "எனக்கு எங்கடி தப்பிச்சு?" நான் காலண்டரைச் சொன்னேன். உன் கை நல்ல கைதான் என்றும் சொன்னேன். அவள் நம்பினாளா தெரியாது. அப்பாயிக்கும் அவர் தங்கச்சிக்கும் நடுவில் இருந்ததும் ஒரு மனுவும் ஒரு தேதியும்தான். நான் இங்கே நிற்பதை என் சாமர்த்தியம் என்று யாராவது மேடையில் பேசக் கூப்பிட்டால், போகக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

ஸ்பான்சர் கிடைத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா போனை அப்பாயியிடம் கொடுத்தார்.

"என்ன தாயி, பேர் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு அப்பாயி."

"முழுப்பேரா?"

நியூ என்ட்ரன்ட் சலுகை கிராஜுவேட் விசாக் காலத்தையும் சேர்த்து மொத்தம் நாலு வருஷம்தான். அதற்குள் சம்பளம் முழு வரம்பைத் தொட வேண்டும். அது எவ்வளவு என்று இப்போது யாருக்கும் தெரியாது.

"இல்ல அப்பாயி. அரைப்பேர்தான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஏன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"அப்ப சரி" என்றார். பிறகு அங்கே மழையா என்று கேட்டார். இங்கே மூணு நாளாக விடாத மழை, கொழுந்தெல்லாம் ஈரம், ஃபேக்டரியில் கிலோ கழிக்கிறார்கள் என்றார்.